மூன்றாம் தரம் கூப்பிட்டால்

நோர்வேயின் வடகோடியில் இருக்கும் அந்த மலைக்கு இரண்டு பாதைகள். கிழக்கு முகட்டு வழியாகப் போனால் ஐந்து மணித்தியாலம். தெற்கே நீரோடையைப் பிடித்து ஏறினால் மூன்று. மேற்கே பாதையே கிடையாது. வெறும் செங்குத்து.

கோப்பாயில் இருக்கும் கஜானிக்கு இது மனப்பாடம். தம்பி அருட்செல்வன் மலை ஏறும் நாளெல்லாம் அவள் வெங்காயத் தாள் நறுக்கியபடி, கைபேசி வரைபடத்தில் அவனுடைய நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றும் அப்படித்தான்; அவன் அழைப்பில் இருந்தான்.

"அக்கா, பனிப்புகார் மூடிட்டுது. நீட்டின கை தெரியேல்லை."

"உன்னோடை வந்த ஜெரிசன் எங்கை?"

"அவன் கிழக்காலை. நான் தெற்காலை. உச்சியிலை சந்திக்கிறதெண்டு கதை."

"தண்ணித் தாங்கியிலை ஏறவே நடுங்கினவர், இப்ப உமக்கு மலை கேக்குது!"

சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"பொறு. ஜெரிசன் கூப்பிடுறான்."

"எந்தப் பக்கமடா?"

"மேற்கை."

அவளுடைய கத்தி நின்றது.

"வாயைத் திறவாதை! எத்தினை தரம் கூப்பிட்டவன்?"

"ஒருக்கா."

"மூண்டாம் தரம் கூப்பிட்டால்தான் ஓம் சொல்லோணும். பேய் ரெண்டுக்கு மேலை கூப்பிடாது."

"நோர்வேயிலையும் உந்தச் சட்டமோ?" என்று நக்கலடித்தான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டான். அக்கா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை.

"ரெண்டு..." என்று கிசுகிசுத்தான்.

அதே கணம் திரையின் உச்சியில் ஜெரிசனின் செய்தி: 'அக்கா, பனிப்புகாராலை நான் திரும்பி அடிவாரத்துக்கு வந்திட்டன். அருளையும் இறங்கச் சொல்லுங்கோ.'

அவள் வாயெடுப்பதற்குள் அவன் முந்திவிட்டான்.

"மூண்டு! ஓம் ஜெரிசன், வாறன்ரா!"

ஊர்ப் பேய்க்குத்தான் அந்தச் சட்டம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"போகாதை! ஜெரிசன் கீழை நிக்கிறான்!"

"விசர்க்கதை கதையாதை அக்கா. உவன் முன்னுக்கு நிண்டு கை காட்டுறான்."

நீலப் புள்ளி பாதையை விட்டு மேற்கே நகர்ந்தது.

"அம்மாவாணை, நிண்ட இடத்திலையே குந்தடா!"

மறுமுனையில் காற்று மட்டும் இரைந்தது. பிறகு அவனுடைய குரல், நிதானமாக:

"சரி. குந்திட்டன் அக்கா."

புள்ளி நிற்கவில்லை. வரைபடக் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கறுத்துக் கிடந்த செங்குத்தின் விளிம்புவரை போயிற்று. அதைத் தாண்டியது. பிறகுதான் நின்றது.

"குந்திட்டன் அக்கா," என்றது குரல் மறுபடியும், கொஞ்சமும் மூச்சிரைப்பு இல்லாமல். "இனிப் பயமில்லை."