வலது மூலைப் பட்டி

பட்டி அக்கா நசுங்கிய இடத்தில் பட்டிப் பசை பூசித் தேய்த்துவிட்டால், தான் அடிபட்டதை வண்டியே மறந்துவிடும் என்பது அந்த ஒர்க்‌ஷாப்பில் வேதவாக்கு. கம்பத்தில் இடித்துக்கொண்டு வந்த முதலாளியின் புதுக் காரையும் அப்படித்தான் மறக்கடித்தாள். பின்பம்பரில் அவள் சரிசெய்த வலது மூலையைப் படமெடுத்து, வரவேற்பறையில் தன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார் முதலாளி. இரண்டில் பம்பர்தான் லட்சணம்.

வந்தது பரீட்சை. புது வண்டிகளில் பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது; பக்கவாட்டில் யாராவது வந்தால் அந்தப் பக்கக் கண்ணாடியில் விளக்கு எரியும். பம்பரைச் சரிசெய்து மாட்டினால், ரேடாருக்கு மறுபடி திசை சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைச் செய்துகாட்டித் தேறியவர்தான் இனி புது வண்டியைத் தொடலாம். அக்காவுக்கு முதலாளியின் கார்தான் பரீட்சை வண்டி. அக்கா இரண்டு முறை தோற்றாயிற்று; இரண்டு முறையும் வலது விளக்கு எரியவில்லை. இன்று கடைசி வாய்ப்பு. தோற்றால், இருபத்தாறு வருடத் தொழிலை மூட்டைகட்டிவிட்டு வண்டி கழுவப் போகவேண்டும்.

தலைமை அலுவலகத்துப் பயிற்சியாளர் கோட்டு அணிந்து, கிரீஸ் எட்டாத தூரத்தில் நின்றார். மூன்று நாள் வகுப்பில் ஒன்றரை நாள், தான் வாங்கிய விருதுகளைத் திரையில் காட்டியவர்.

அக்காவின் கொழுந்தன், வெல்டர், வேறொரு வண்டியில் முதல் முறையிலேயே தேறியவன், ஸ்கூட்டரில் காரின் வலப்பக்கமாக வந்தான். விளக்கு எரியவில்லை.

"அண்ணி, உங்க காருக்கு நான் கண்ணுக்கே தெரியல. வீட்டுல அண்ணனுக்கும் இப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கீங்களா?"

"வாயை மூடிக்கிட்டு இன்னொரு தடவை வாடா."

வந்தான். இருட்டு.

"ஸ்கேனர்ல ஒரு கோளாறும் இல்லையே மேடம்," என்றார் பயிற்சியாளர். "மெஷின் சரியா இருக்கு. மனுஷங்கதான் அப்டேட் ஆகணும்."

"ஆயிடறேன் சார். அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல?"

மணி இரண்டேகால். டயர் காற்றைப் பார்த்தாள். அளவு நாடா பிடித்துத் தூரத்தைச் சரிபார்த்தாள். ரேடாரைத் தாங்கும் தகட்டைப் பார்த்தாள். ஒயரைக் கழற்றி மாட்டினாள். எல்லாம் சரி. பிறகு வகுப்பில் கொடுத்த தடித்த புத்தகத்தைப் பிரித்தாள். பயிற்சியாளர் உட்பட எவரும் பிரித்த அடையாளம் அதில் இல்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: ரேடாருக்கு முன்னுள்ள பம்பர் பகுதியில் பட்டி பூசக் கூடாது.

இரண்டு முறை படித்தாள். முகம் சுண்டியது. ஊரே மெச்சிய மூலை அது.

பம்பரைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"இப்ப வாடா."

ஸ்கூட்டர் வந்தது. வலது விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"முதலாளி, கார் இடிச்சப்ப நீங்க வாங்கி வெச்ச புதுப் பம்பர் ஸ்டோர்லதானே இருக்கு? எடுத்துக் கொடுங்க."

"ஐயோ, அதை வித்துடலாம்னு வெச்சிருக்கேன்மா! இந்த மூலையை ஃபிரேம் போட்டு வேற மாட்டியிருக்கேன்!"

"படத்துல இருக்கட்டும். வண்டியில இருந்தா, பக்கத்துல வர்றவன் மேல ஏத்திடுவீங்க."

முதலாளி சாவியைக் கொடுத்தார். பெயிண்ட் அடிக்காத கறுப்புப் பம்பரை அக்கா மாட்டினாள். மறுபடி காற்று, மறுபடி அளவு நாடா, மறுபடி ஸ்கேனர். எந்தப் படியையும் தாண்டவில்லை. நாலு ஐம்பதுக்குக் கொழுந்தன் ஸ்கூட்டரில் மூன்று முறை வந்தான். மூன்று முறையும் விளக்கு எரிந்தது.

பயிற்சியாளர் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதி எழுந்தார்.

"காரணத்தையும் எழுதுங்க சார். ரெண்டு தடவை ஏன் தோத்தேன்னு. பட்டிதான் ரேடாரை மறைச்சுதுன்னு."

"அது எதுக்கு மேடம்? உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"என் பேரே பட்டிதான் சார். இதுக்கு மேல என்ன கெடப்போகுது? அடுத்த ஒர்க்‌ஷாப்ல எவளாவது இதே மாதிரி அழகாப் பூசிக்கிட்டு இருப்பா. நூத்திப் பன்னெண்டாம் பக்கம்னும் போடுங்க."

பயிற்சியாளர் கோட்டுப் பையைத் தடவினார். அவர் மேசையில் விட்ட பேனா அக்காவின் கையில் இருந்தது. அவள் அதை நீட்டிக்கொண்டு நின்றாள், அவர் மறுபடி உட்காரும்வரை.