கண் வரைந்த பெட்டி

உயிரோடு இருக்கிற மனிதன் ஃப்ரீசர் பாக்ஸுக்குள் படுக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. என் மாமனார் சுயம்புலிங்கத்தின் வாடகைக் கடையில் "கண்ணாடி மேல் மாலை வைக்காதீர்" என்று எழுதியிருக்கிறது, "வண்டிச் செலவு தனி" என்று எழுதியிருக்கிறது. இப்படி ஒரு எச்சரிக்கைக்குத் தேவை வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மகளை எனக்குக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும்.

தேனி பஜாரில் கடை. சாமியானா, பிளாஸ்டிக் சேர், சமையல் அண்டா, அத்தோடு சாவு வீட்டுக்கு வாடகைக்குப் போகும் இரண்டு ஃப்ரீசர் பாக்ஸ். ஒன்று போடியில் ஒரு வீட்டில் இருந்தது. இன்னொன்று முந்தின நாள் திரும்பி வந்து, கழுவித் துடைத்து, குளிர் ஏறுகிறதா என்று பார்க்கக் கடைக்குப் பின்னால் குடோனில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அங்கே என்னைத் தவிர ஆள் இல்லை. கையில் செல்போன், தலையில் ஆராய்ச்சி.

அந்த ஆராய்ச்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பண்டைய எகிப்தின் சவ அடக்க முறைகளைப் பற்றி ஏழு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எகிப்துக்குப் போனதில்லை. மேற்கே நான் போன அதிகபட்ச தூரம் போடிமெட்டு. அருங்காட்சியகங்கள் இணையத்தில் போடும் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே கண்ணாடி போட்டவன்.

சுமார் நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் எகிப்தியர்கள் மரச் சவப்பெட்டியின் வெளிப்பக்கத்தில் இரண்டு கண்களை வரைந்தார்கள். செத்தவரை உள்ளே இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள், தலை வடக்கே. முகம் அந்தக் கண்களுக்கு நேராக இருக்கும். பெட்டியைக் கிழக்கே பார்க்க வைத்துவிட்டால் உள்ளே இருப்பவர் தினமும் சூரியன் வருவதைப் பார்க்கலாம். நம் ஊர்ப் பெட்டியில் கண்ணாடி இருப்பது நாம் அவரைப் பார்க்க. அவர்கள் பெட்டியில் கண் இருந்தது அவர் நம்மைப் பார்க்க. இதைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருந்தேன். ஆனால் உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை ஊகத்தில்தான் எழுதியிருந்தேன்.

பெட்டியைத் தள்ளித் தள்ளித் தலைமாட்டை வடக்கே திருப்பினேன். மூடியைத் தூக்கிக் கம்பியில் முட்டுக்கொடுத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். எல்லாம் முறைப்படி. போட்டோ எடுக்கக் கையைத் தூக்கினபோது முழங்கை கம்பியில் இடித்தது.

டப்.

அது மூடி விழுந்து கொக்கி மாட்டிக்கொண்ட சத்தம். ஓடைப்பட்டி ரோட்டுக் குழியில் வண்டி குதிக்கும்போதெல்லாம் மூடி திறந்துகொள்கிறது என்று, தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கி ஒன்றைப் பழனிசெட்டிபட்டி வெல்டிங் பட்டறைச் சுருளி வைத்துக்கொடுத்திருந்தான். உள்பக்கம் பிடி வைக்கவில்லை. யாருக்காக வைப்பான்?

முதலில் சிரித்தேன். அப்புறம் மூடியைத் தள்ளினேன். அப்புறம் சிரிக்கவில்லை.

முழங்காலை மடக்க இடமில்லை. மல்லாந்து திரும்பலாம் என்றால் தோள் கண்ணாடியில் முட்டுகிறது. அடியில் இருந்த எவர்சில்வர் தட்டின் குளிர் சட்டையைத் தாண்டி, பனியனைத் தாண்டி, விலா எலும்பைத் தொட்டு விசாரித்தது. பினாயில் வாசனையும், எத்தனை கழுவினாலும் போகாத பன்னீர் வாசனையும். தலைமாட்டு மூலையில் ரப்பர் கிழிந்து ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அதை மாற்றச் சொல்லி மாமாவிடம் நான்தான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, நான் சொல்லி அந்தக் கடையில் எதுவும் நடப்பதில்லை. மூக்கை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். மூக்கு அரித்தது. சொறியக் கை வரவில்லை.

செல்போன் கால்மாட்டில் போய்க் கிடந்தது. அது அடித்தது. மாமாதான், கடை முன்னாலிருந்து. எகிப்தியர் கல்லறையில் சின்னச் சின்னப் பொம்மைகள் வைப்பார்கள். மறு உலகத்தில் வயல் வேலைக்கு யாரும் கூப்பிட்டால் செத்தவருக்குப் பதிலாக அந்தப் பொம்மை எழுந்து "இந்தா இருக்கேன்" என்று போக வேண்டும். மாமா வீட்டில் என் உத்தியோகம் கிட்டத்தட்ட அதுதான். அன்றைக்குத்தான் எழுந்திருக்க முடியவில்லை.

திரும்பத் திரும்ப அடித்தார். கடைசியில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே குடோனுக்குள் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த செருப்பைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"மாப்ள," என்றார் நிதானமாக. "உள்ள வசதியா இருக்கா?"

நான் பேசினேன். என் மூச்சு கண்ணாடியில் படிந்து அவர் முகம் மறைந்துபோனது.

அவர் கொக்கியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கொக்கியின் பிடி அவர் கையோடு வந்துவிட்டது. அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மின்சார பிளக்கைப் பிடுங்கினார். சுருளிக்கும், டூட்டி முடிந்து வீட்டில் படுத்திருந்த தன் மகளுக்கும், அதாவது என் பெண்டாட்டி எப்சிபாவுக்கும் போன் போட்டார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. பெட்டிக்குள்ள இருக்காரு. ஆமா, நம்ம பெட்டிதான். ஏன்னு என்கிட்ட கேட்டா?"

இந்த இடத்தில் இன்னொரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பெட்டி. அடுத்த மாதம் மாமா சின்னமனூரில் கிளைக் கடை திறக்கிறார். பொறுப்பு எனக்கு. போனால் ஆராய்ச்சிக்கு அத்தோடு மூடி போட்டாயிற்று. போகாவிட்டால் பெண்டாட்டி சம்பளத்தில் இன்னும் எத்தனை வருஷமோ. அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி கைடைக் கேட்டேன், "பார்ப்போம் தம்பி" என்றார். பாஸ்டரைக் கேட்டேன், "ஜெபிப்போம்" என்றார். மாமியாரைக் கேட்டேன், "சாப்பிட வாங்க" என்றார்கள். எப்சிபாவைத்தான் தினமும் கேட்டேன். போகவா, வேண்டாமா? "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு யூனிஃபார்மை அயர்ன் பண்ணப் போய்விடுவாள்.

சுருளி வருவதற்கு முன்னால் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு வேன் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் பெயர் ஈஸ்வரபாண்டி. திராட்சைத் தோட்டக்காரர். காலையில் அவருடைய அம்மா தவறிப்போய்விட்டார். அந்தப் பெட்டிக்குத்தான் சொல்லியிருந்தார். குடோனுக்குள் வந்தவர் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, கைகட்டி நின்றார்.

"பெட்டில ஆளு இருக்கே, அண்ணாச்சி?"

"அது ஆளு இல்ல. என் மருமகன்."

நான் ஒரு கண்ணைச் சிமிட்டினேன். அவர் ஒரு எட்டு பின்னால் போனார். மாமா விஷயத்தைச் சொன்னார். ஆராய்ச்சி, எகிப்து, கொக்கி எல்லாம்.

"அந்த ஊர்ல பொணத்தப் பதப்படுத்துறப்ப மூளைய மூக்கு வழியா எடுத்துக் கீழ போட்டுருவாகளாம். இவருதான் சொன்னாரு," என்றார் மாமா. "இவருக்கு அந்த வேலை மிச்சம்."

"கண்ணாடிய ஒடச்சிருங்களேன்."

"ஒடச்சா அவரு மூஞ்சிலதான விழும். பெறகு ஒங்களுக்கும் பெட்டி இல்ல."

ஈஸ்வரபாண்டி கொஞ்சம் யோசித்தார். பிறகு அடுக்கிலிருந்து ஒரு சேரை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பொறுமையா எடுங்க. ஐஸ் கட்டி வாங்கி வச்சிருக்கோம். அம்மா இனி எங்க போகப்போகுது."

அழுது சிவந்த கண். காலையிலிருந்து காப்பி கூடக் குடித்திருக்க மாட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஓடைப்பட்டியில் ஒரு வீட்டில் ஒரு அம்மா ஐஸ் கட்டிக்கு நடுவே காத்திருக்கிறார், இடத்தை அடைத்துக்கொண்டு நான் கிடக்கிறேன். வெட்கம் வந்தால் உடம்பு சூடாகும் என்பார்கள். இல்லை. இன்னும் குளிர்ந்தது.

எப்சிபா வந்தாள். தலையைக் கூடச் சீவாமல் வந்திருந்தாள். அழவில்லை, கத்தவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக நர்ஸ். முதலில் ரப்பர் கிழிசலில் விரலை விட்டுக் காற்று போகிறதா என்று பார்த்தாள். அங்கேயே சின்ன ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். பிறகு ஒரு சேரை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். கிழக்குப் பக்கம்.

நான் வாயைத் திறந்தேன். கண்ணாடி வெளுத்தது.

"பேசாதீக," என்றாள், இடைவெளிக்குப் பக்கத்தில் வாயை வைத்து. "பேசினா மூடுது. ஒங்க உதடு என்ன நெறத்துல இருக்குன்னு எனக்குத் தெரியணும். மூக்கால மூச்சு விடுங்க. வாயத் தொறந்தா எந்திரிச்சுப் போயிருவேன்."

மூடினேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடி இருந்ததில்லை.

சுருளி வந்து சேர்ந்தான். கொக்கியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "நல்லாத்தான வச்சுக் குடுத்தேன்," என்றான், மனசு நொந்து. பிறகு ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தான். அந்தச் சத்தம் இரும்பு வழியாக என் பல்லுக்குள் வந்தது. அறுத்து முடிகிற மாதிரித் தெரியவில்லை. கால் மரத்துவிட்டது. இது நிஜமாகவே திறக்குமா என்று முதல்முறையாகப் பயம் வந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள்.

"தெனமும் கேட்டீகள்ல," என்றாள். "போகவா வேண்டாமான்னு."

கண்ணால் ஆமாம் என்றேன்.

"கேப்பீக. நான் யோசிச்சு வாயெடுக்குறதுக்குள்ள, 'சின்னமனூர்ல ஒரு பிரமிடு கட்டி ஒங்கப்பாவ உள்ள வச்சிருவோம்'னு எதையாச்சும் சொல்லிட்டு நீங்களே சிரிப்பீக. அதுக்கு மேல எனக்கு என்ன சொல்லத் தோணும்? 'ஒங்க இஷ்டம்'னுட்டுப் போயிருவேன்."

பின்னால் மாமா தொண்டையைச் செருமினார். பிரமிடு விஷயம் அவருக்குப் புதுசு.

"நீங்க எழுதினத நான் படிச்சேன். டூட்டில கொண்டுபோய் வச்சுப் படிச்சேன்."

அவள் படிப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை.

"மொத மூணு அத்தியாயம் நல்லால்ல. எவனோ சொன்னத நீங்க திருப்பிச் சொல்றீக. நடுநடுவுல ஜோக்கு. அந்தக் கண்ணு அத்தியாயம் மட்டுந்தான் நீங்க எழுதினது."

ரம்பம் ஒரு நிமிஷம் நின்றது. சுருளியும் கேட்டுக்கொண்டிருந்தான். மாமா அவனை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி அறுத்தான்.

"வார்டுல ஒரு ஆளு போயிட்டா, நாங்கதான் கண்ண மூடிவிடணும். எத்தன பேருக்கு மூடிருப்பேன், கணக்கே இல்ல. அதப் படிச்ச பெறகு அப்படியே மூட முடியல. மொகத்த ஜன்னல் பக்கமாத் திருப்பி, கொஞ்ச நேரம் விட்டுட்டு அப்புறந்தான் மூடுறேன். என்னன்னு ஹெட் நர்ஸ் கேட்டாக. சும்மான்னுட்டேன்."

ஈஸ்வரபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாலாயிரம் வருஷமாக அந்த எகிப்துப் பெட்டிகளுக்குள் ஒருக்களித்துப் படுத்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது ஒரு உள்ளங்கை, தூக்கமில்லாத ஒரு முகம். கண்ணீர் மூக்கின் மேலாக வழிந்து எவர்சில்வர் தட்டில் சொட்டியது. துடைக்கக் கை வரவில்லை.

கொக்கி விழுந்தது. மாமாவும் சுருளியும் மூடியைத் தூக்கினார்கள். தேனி பஜாரின் புழுதியும் டீசல் புகையும் மொத்தமாக உள்ளே வந்தது. அவ்வளவு நல்ல காற்றை நான் சுவாசித்ததே இல்லை. எப்சிபா நாடியைப் பார்த்தாள், நகத்தை அமுக்கிப் பார்த்தாள், பிறகு மாமாவிடம் தலையசைத்தாள். எழுந்து நிற்கப்போய் ஈஸ்வரபாண்டியின் மேலேயே சாய்ந்தேன். அவர்தான் பிடித்து நிறுத்தினார். துக்கத்துக்கு வந்தவரைத் தாங்குகிற மாதிரி நிறுத்தினார்.

சுருளி கொக்கி இருந்த இடத்தைக் கம்பியால் கட்டினான். பெட்டியை வேனில் ஏற்றுவதற்கு முன்னால் நான் ஒரு துணியை எடுத்தேன். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க என் மூச்சும், நெற்றி எண்ணெயும், கைரேகையும். ஒரு தடம் இல்லாமல் துடைத்தேன். அந்த அம்மா முகம் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒரு முனையை நானும் பிடித்துத் தூக்கினேன்.

வேன் போய்விட்டது. மாமா உடைந்த பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய சாயங்காலம் வர இன்னும் நேரம் இருந்தது.

நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து உட்கார்ந்திருந்தது. நல்ல ஜோக்தான். முழுங்கினேன்.

"எப்சி, சின்னமனூர் போகவா, வேண்டாமா?"

வழக்கம்போல என்ன ஜோக் சொல்லப்போகிறேனோ என்று காத்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை என்றதும், அவளுடைய அப்பா முன்னாலேயே சொன்னாள்:

"போக வேண்டாம். அந்த மூணு அத்தியாயத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு, கண்ணுல இருந்து ஆரம்பிச்சு எழுதுங்க. ஒரு வருஷம் நான் பாத்துக்கிறேன். அதுக்குள்ள முடிக்கலேன்னா, நானே ஒங்களக் கூட்டிட்டுப் போயி அந்தக் கடையில உக்கார வச்சிட்டு வருவேன்."