கடலைக்கொல்லை மோட்டாரும் குழந்தைசாமி வீட்டுக் குழாயும்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பெருமைக்காகத் தண்ணீரை ஏவிவிட்ட ஒருவனின் கதை சொல்கிறேன். பாவம் பார்க்க வேண்டாம், சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

ஆலங்குடிப் பக்கம் குழந்தைசாமி என்று ஒருவன். துபாயில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து மாடிவீடு கட்டினான். அத்தனை வருடமும் மாமியார் அடுப்படியில் கிடந்த அவன் மனைவி ரஞ்சிதாவுக்கு ஒரே ஆசை: தன் சமையலறையில், நல்ல நேரம் தப்பாமல் பால் பொங்க வேண்டும். அவனுக்கோ, குழாயைத் திறந்தால் தண்ணீர் கையில் அறைய வேண்டும். அந்த மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். அதற்காகத் தன் கடலைக்கொல்லை போர்வெல் மோட்டாரிலிருந்து வீட்டுக்கு நேராக பைப் இழுக்கச் சொன்னான்.

பிளம்பர் முத்துராஜ் தலையைச் சொறிந்தான். "அண்ணே, இது கொல்லைக்குப் பாய்ச்சுற மோட்டாரு. டேங்க்ல ஏத்தி எறக்குவோம். நேராத்தான் வேணும்னா பிரஷரைக் கொறைக்கிற வால்வு ஒண்ணு போட்டுக்கங்க. இல்லாட்டி பைப்பு தாங்காது."

"ஒன் வீட்டுல சொட்டுற தண்ணிக்கு அதப் போடு. நான் துபாய்ல எம்பது மாடி பார்த்தவன்டா."

"பார்த்தீங்க. பைப்பு மாட்டுனது வேற யாரோ," என்றாள் ரஞ்சிதா.

அவன் அங்கிட்டு நகர்ந்ததும் முத்துராஜிடம் மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, அடுப்படிக்கு மட்டும் டேங்க் லைனே குடுத்துரு."

பால் காய்ச்சும் நாள். ஒன்பது மணிக்கு மும்முனை மின்சாரம் வரும். வந்தால் மோட்டார் தானாக ஓட, ஊரில் எல்லோரையும் போல ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருந்தான். முழு வேகமும் வீட்டுக்கே வரட்டும் என்று கொல்லைக்குப் போகும் வால்வையும் அடைத்திருந்தான். வீட்டிலோ ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. பட்டு வேட்டியோடு, ரஞ்சிதாவின் அண்ணன் செம்மலைக் குளியலறைக்குள் கூட்டிப்போனான்.

"கரண்டு வரட்டும் மச்சான். அறையும் பாருங்க."

வந்தது. டைல்ஸ் வெடித்து, குழாய் பிய்ந்து பறந்தது. பீறிட்ட தண்ணீர் அவன் முகத்திலேயே அறைந்தது. கூடத்து வாஷ்பேசினுக்கும் அதே கதி.

"நிறுத்துங்க மச்சான்," என்று கத்தினான் செம்மல்.

"சுவிட்சு கொல்லையில இருக்கு."

எண்பது மாடி பார்த்தவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலைச் செடிகளை மிதித்து ஓடினான். அவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லவேண்டுமென்றால், அந்த ஓட்டம்தான்.

சேறும் தண்ணீருமாக அவன் திரும்பியபோது, நனையாத அடுப்படியில் நேரம் தப்பாமல் பால் பொங்கியிருந்தது. டம்ளரோடு நின்ற ரஞ்சிதா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மொதல்ல காலைக் கழுவுங்க. டேங்க் குழாய்ல கழுவுங்க, அது அறையாது."

மறுநாள் பிரஷரைக் குறைக்கும் வால்வு வந்து சேர்ந்தது. வாங்கிவரச் சொன்னவள் அவள்தான்.

செல்வங்களா, உங்கள் வீட்டுக் குழாயில் கைக்குழந்தைக்கும் நோகாமல் தண்ணீர் வரட்டும். சுவர் காய்ந்திருக்கட்டும், பால் நேரத்துக்குப் பொங்கட்டும்.