பல்லுக்கு நடுவே குண்டூசி

தையற்காரியின் அக்காவுக்கும் தலைவலியில்தான் தொடங்கியது. மூளையில் கட்டி. ஒரு வருஷம் தாங்கவில்லை.

இவள் தன் தலைவலியை யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்குக் கவுன் தைத்தாள். முடித்ததும் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. துணி வெட்டும் கணவன் எட்டிப் பார்த்தான்.

"இது பொண்ணுக்கா, கூடாரத்துக்கா?"

"ம்."

கடையில் அவள் பதில் எப்போதும் அவ்வளவுதான். வாயில் குண்டூசிகள் இருக்கும்.

மூன்றாவது கவுன் வளர்ந்த பெண்ணுக்கானது. மகள் இரண்டாம் வகுப்பு. அவன் கத்திரியைக் கீழே வைத்தான்.

"என்ன செய்யுது உனக்கு?"

ஊசிகளைத் துப்பிவிட்டுச் சொன்னாள். ஷட்டரை இழுத்து மூடினான்.

"எங்க வலிக்குது?" டாக்டர் கேட்டார்.

"ரெண்டு நெத்திப்பொட்டுலயும். கயிறு போட்டு இறுக்குற மாதிரி."

"ஒரு பக்கமா தெறிக்குதா? வெளிச்சம் பட்டா தாங்கலையா? அது ஒத்தைத் தலைவலி."

"இல்ல."

"காலைல எழுந்ததுமே வலியா? வாந்தி?"

"அது அக்காவுக்கு. எல்லாமே ரெண்டா வேற தெரிஞ்சுது. எனக்கு சாயங்காலம்தான். கடை லீவுன்னா வராது."

டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு கை கழுவப் போனார்.

அவள் விரல்கள் காலருக்குப் போயின. அங்கே குத்தியிருந்த குண்டூசியை எடுத்துக் கடித்தாள்.

டாக்டர் திரும்பினார்.

"அப்படியே கடிங்க."

இரண்டு பொட்டிலும் விரல் வைத்தார். தசை முடிச்சாக எழும்பியது. அழுத்தினார்.

"ஐயோ!"

"இதே வலியா?"

"இதேதான்."

"நாள் முழுக்க இப்படியா?"

"தூங்குறப்ப எடுத்துடுவா டாக்டர்," என்றான் கணவன்.

"தாடைக்கு ஓய்வே இல்ல. வலி அங்கேருந்து வருது. பயப்படுற மாதிரி அடையாளம் எதுவும் இல்ல. ஊசியை வாயில வெக்காதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. நல்லவேளை, முழுங்கல."

வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுது முடிக்கும்வரை அவன் நின்றான்.

"நான் என்னமோ, என்மேல கோவம், அதான் பேச மாட்டேங்குறன்னு நெனச்சேன்."

"பாதி அதுதான்."

ஊசிகள் மணிக்கட்டில் கட்டிய சின்னப் பஞ்சுமெத்தைக்கு மாறின. முதலில் சில நாள் கை பழக்கத்தில் வாய்க்கே போனது. அவன் கனைப்பான். பிறகு ஒரு சாயங்காலம், வலி வரவில்லை என்பதே விளக்கைப் போடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது கவுனை எடுத்துத் தையலைப் பிரித்தாள்.

"ஏன் பிரிக்குற? வளர்ந்துடுவாளே."

"வளரட்டும். அப்ப அளவெடுத்துத் தைக்கிறேன்."