டைல்ஸில் எழுதிய அரபி

நாளைக் காலை கொத்தனார் வந்து சமையலறை டைல்ஸை உடைக்கப் போகிறார். புதுசு ஒட்டுவாராம். வீட்டு ஓனருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அந்தச் சுவரில்தான் நானும் இஸ்திரி அக்காவும் அரபி படித்தோம்.

இந்த அரபு நாட்டில் ஓர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நான் மெஷின் பக்கம், அவள் இஸ்திரி பக்கம். இதே வீட்டில் ஒரே அறை, ஒரே அடுப்பு. மேற்பார்வையாளர் வேலைக்கு அரபிப் பரீட்சை வைக்கிறார்கள் என்றதும் இருவரும் பெயர் கொடுத்தோம். உருப்போட்டு உருப்போட்டு எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அக்காதான் வழி கண்டுபிடித்தாள்.

"ஒவ்வொரு வார்த்தையா படிச்சா செத்தோம்டி. மூணு எழுத்தைப் புடி, குடும்பமே பின்னாடி வந்துடும்."

ஒரு டைலுக்கு ஒரு வேர். நடுவில் அழியாத மார்க்கரில் மூன்று எழுத்து, சுற்றிலும் அதில் பிறந்த சொற்கள். காஃப், தா, பா சேர்ந்தால் எழுதுகிற சங்கதி. கிதாப் புத்தகம், காதிப் எழுதுகிறவர், மக்தப் எழுதும் இடம், அதாவது அலுவலகம். முன்னால் ஒரு 'ம' வந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் இடம்தான். சமைக்கிற வேரிலிருந்து சமையலறை மத்பஹ். வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒருத்தி வேரைச் சொல்வாள், மற்றவள் சொல்லைப் பிடிக்க வேண்டும். தோற்றவள் பாத்திரம் கழுவ வேண்டும். முக்கால்வாசி நாள் நான்தான் கழுவினேன்.

அந்தக் கடுப்பில் ஒருநாள் சிரிப்புக்கான வேரை எடுத்து, முன்னால் 'ம' ஒட்டி, 'மழ்ஹக்' என்று எழுதி வைத்தேன்.

"என்னடி இது?"

"சிரிக்கிற இடம். அகராதியில இருக்குக்கா, சத்தியமா."

எங்கள் அகராதியில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. அக்கா தலையாட்டினாள். அன்றிலிருந்து எங்கள் சமையலறைக்கு அதுதான் பெயர். "மழ்ஹக்ல லைட்டை அணைச்சியா?" என்பாள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! உண்மையைச் சொன்னால் பாத்திரத்தோடு சட்டியும் கழுவ வைப்பாள் என்று நானும் கமுக்கமாக இருந்துவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில் வீட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். அக்கா பூரிப்போடு வெளியே வந்தாள். "மழ்ஹக் பத்தியும் சொல்லிட்டேன்டி!" அது பொய்ச் சொல் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. நான் தேறினேன், அவள் தேறவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். மூன்று நான்கு தடவை போன் பண்ணினாள். எந்த முகத்தோடு பேசுவது? நான் எடுக்கவில்லை. பிறகு அவளும் விட்டுவிட்டாள். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. துடைக்கும்போதெல்லாம் மழ்ஹக் எழுதிய டைலை மட்டும் நான் தொடுவதில்லை.

நாளைக்கு அதுவும் போய்விடும் என்ற நினைப்பே இன்று என்னை போனை எடுக்க வைத்தது. பழைய எண்தான். மணி அடித்தது.

"அக்கா... நான்தான், உன் வாயாடி."

"உயிரோடதான் இருக்கியா?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். என்னால்தான் உனக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைக்காமல் போச்சு என்றேன். அவள் சிரித்தாள்.

"அது டூப்புனு மறுநாளே அகராதியைப் பாத்துட்டேன்டி. நீதான் திருட்டு முழி முழிச்சியே. பரீட்சையில வேணும்னேதான் சொன்னேன். அந்த ஐயா, இப்படி ஒரு வார்த்தை இல்லையே, என்னதுன்னு கேட்டாரு. நானும் என் தங்கச்சியும் சிரிக்கிற இடம்னு சொன்னேன், தடுமாறாம, அரபியிலேயே. மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு முழு மார்க் போட்டாரு. நான் கோட்டை விட்டது எழுத்துப் பரீட்சையில."

"அப்போ என்னால இல்லையா?"

இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"இதுக்காடி போனை எடுக்காம இருந்த? மேற்பார்வையாளர் ஆனதும் உனக்கு இஸ்திரிக்காரி வேண்டாதவளா போயிட்டான்னு நெனச்சேன். பதினோரு வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

டைல்ஸுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். அவள் போனை வைக்கவில்லை.