தேயிலையில் முக்கி எடுத்த வெள்ளைச் சேலை

மூன்று நாளாக மழை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒரு துணியும் காயவில்லை. என் உயிரோ ஒரு வெள்ளை ஆர்கண்டிச் சேலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பதுளை டவுனில் நஸ்மியா அக்காவின் மணப்பெண் அலங்காரக் கடையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். வேலை என்றால் தரை கூட்டுவது, தலை கழுவிவிடுவது, அவ்வளவுதான். ஆனால் ஐம்பதுகளின் நடிகைகளைப் பற்றிக் கேளுங்கள்! எந்த வருடம் புருவம் தடித்தது, எந்த வருடம் ரவிக்கைக் கை உப்பியது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான் இஸ்ரா என்ற மணப்பெண் வந்து, "வலீமா விருந்துக்கு நான் அந்தக் காலத்துக் கதாநாயகி மாதிரி இருக்கணும். வெள்ள சேலை, நெத்தியில ஒரு சுருள், கண்ணுக்கு வால் வச்ச மை" என்றதும், அக்கா முதல்முறையாக ஒரு பெண்ணை முழுசாக என்னிடம் ஒப்படைத்தார்.

"கிருஷாந்தி, இத ஒழுங்கா செஞ்சா ரெண்டாவது கதிரயில இருக்கிற பொண்ணுங்கள அலங்கரிக்கிறது நீதான் புள்ள. கெடுத்தா, போய்த் தோட்டத்துல கொழுந்து கிள்ளு."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த மாதம் பெரட்டில், அதாவது தோட்டத்து வேலைக்காரர் பட்டியலில், என் பெயரையும் கொடுக்க அம்மா ஏற்கெனவே கணக்கப்பிள்ளையிடம் பேசிவிட்டார் என்பது அக்காவுக்குத் தெரியாது.

அந்தக் காலத்துச் சேலை உடம்பில் ஒட்டாது, விறைப்பாக நிற்கும். அதனால் அக்கா தந்த லீவில் இஸ்ராவின் சேலையைத் தெமோதரையில் எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்து கெட்டியாகக் கஞ்சி போட்டேன். அன்றே மழை பிடித்தது. மரம் விழுந்து மின்சாரமும் போனது. அடுப்புக்கு மேலே போட்டால் புகை ஏறிவிடும். புதன்கிழமை அக்கா போனில் கேட்டார்.

"சேலை ரெடியா?"

"ரெடிக்கா!"

அது வாளிக்குப் பக்கத்தில் நனைந்த கோழி மாதிரிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் பிரதீஷிடம் கெஞ்சினேன். அவன் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறான். அங்கே நீளமான வலைத்தட்டில் கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து சூடான காற்றை ஊதுவார்கள். ஜெனரேட்டரும் உண்டு.

"தட்டுல துணி போட்டா தோட்டத்துத் துரை என்னைய வேலைய விட்டே தூக்கிருவாரு, தெரியும்ல?"

"ஒரே ஒரு மணித்தியாலம் அண்ணே. என் வாழ்க்கையே இதுதான்."

"ஒனக்கு வாரத்துக்கு ஒரு வாழ்க்க," என்று சொல்லிக்கொண்டே பையை வாங்கிப் போனான்.

சனிக்கிழமை காலை பையைத் திறந்தேன். சேலை அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. விரித்தேன். முந்தானையிலிருந்து கொசுவம் வரை வலை வலையாகப் பழுப்புக் கறை. தட்டில் ஒட்டியிருந்த கொழுந்துச் சாற்றை ஈரத்துணி உறிஞ்சியிருந்தது.

"கொழுந்த அள்ளிட்டுத்தான் போட்டேன் பாப்பா," என்றான் அண்ணன். அவன் முகமே வெளிறிப்போயிருந்தது.

பஸ்ஸில் நின்றபடியே யோசித்தேன். வெளுக்கும் மருந்து போட்டால் ஆர்கண்டி இற்றுப்போகும். அப்போதுதான் எங்கோ படித்தது ஞாபகம் வந்தது: கறுப்பு வெள்ளைப் படங்களில் தூய வெள்ளைத் துணி கேமராவுக்குக் கூசும் என்று தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்களாம். சேலை முழுவதையும் முக்கிவிட்டால் கறை தெரியாது!

அக்கா வருவதற்கு முன் கடையில் தேயிலைச் சாயம் காய்ச்சி, பேசினில் ஊற்றி முக்கினேன், ஈரத்தோடு இஸ்திரி போட்டேன். நிறம் அழகாகத்தான் வந்தது, பால் தேத்தண்ணி நிறம். கறை மட்டும் இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அந்தப் பக்கங்களைக் கொசுவத்துக்குள் மடித்து ஊசி குத்தினேன்.

இஸ்ரா வந்தாள். முடிச் சுருளும் வலது கண்ணும் முடிந்தன. கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். பிறகு சேலையைப் பார்த்தாள்.

"இது வெள்ள இல்லயே?"

தேயிலைக் கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். கைகூடத் தட்டிச் சொன்னேன். அவள் கொசுவத்தை மெதுவாகப் பிரித்தாள். வலைக்கறை வெளியே வந்தது.

"என் முகத்தப் பாத்து சொல்லுங்க. படத்துல செஞ்ச மாதிரின்னு முக்கினீங்களா, கெட்டுப்போச்சுன்னு முக்கினீங்களா?"

"கெட்டுப்போச்சு."

நஸ்மியா அக்கா கதவருகில் நின்றிருந்தார். "எங்க போட்டு இப்பிடிக் கெடுத்த?"

தொழிற்சாலை என்று சொன்னால் மாலைக்குள் துரையின் காதுக்குப் போய்விடும். "என் கையாலதான் கெட்டுச்சு அக்கா."

"நான் கேட்டது எங்கன்னு."

நான் பிரிந்த கொசுவத்தை மடிக்கத் தொடங்கினேன்.

இஸ்ரா போனை எடுத்து, வீட்டிலிருந்து மெரூன் பட்டுச் சேலையைக் கொண்டுவரச் சொன்னாள். "எல்லார்கிட்டயும் வெள்ளன்னு சொல்லிவச்சேன் தாத்தா," என்று, அக்காவை முஸ்லிம் வழக்கில் அழைத்தபடி சொல்லும்போதே குரல் உடைந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "மத்தக் கண்ணையும் முடிச்சிட்டுப் போ. திங்கக்கிழம வர வேணாம்."

"அக்கா, ஒரே ஒரு தடவ..."

"கறைக்காக இல்ல புள்ள. புதன்கிழம உண்மையச் சொல்லியிருந்தா இங்கயே காயப்போட்டிருப்போம். கரண்ட் இருந்திச்சே."

தூரிகையை மையில் தோய்த்தேன்.

"மேல பாருங்க," என்றேன். "அழாதீங்க. ஈரமா இருந்தா வால் நேரா வராது."

இஸ்ரா மேலே பார்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டை இழுத்தேன். என் கண்ணிலிருந்து விழுந்தது அவள் கன்னத்தில் படாமல் இருக்க, தலையைச் சாய்த்தபடியே இழுத்து முடித்தேன்.