காணாமல் போன இரண்டு ஜிபி

என் அக்கா கணவருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. எங்களுக்குள் இருக்கும் ஒரே ஒற்றுமை அதுதான். ஆனாலும் கணினி படுத்துக்கொண்டால் என்னைத்தான் கூப்பிடுவார். கடைக்காரனைத் திட்டினால் அவன் திருப்பித் திட்டுவானே.

அன்று திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவில் இருந்தது. இடத்தை அடைக்கிறதென்று திரையை இயக்கும் டிஸ்ப்ளே டிரைவரை அவரே அழித்திருந்தார். மறுபடி ஏற்ற உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஜெயில் வார்டன் மாதிரி நின்றுகொண்டார்.

டிரைவர் ஏறியதும் திரை ஒருமுறை கறுத்துத் தெளிந்தது. எல்லாம் சரிதானா என்று கணினியின் விவரப் பக்கத்தைத் திறந்தேன். அதுதான் என் தப்பு.

“எட்டு ஜிபி ராம்னு போட்டிருக்கு. பக்கத்துலயே, உபயோகத்துக்கு ஆறுன்னு இருக்கு. மீதி ரெண்டு எங்க மச்சான்?”

“எங்கயும் போகல அத்தான். இதுல கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரி கிடையாது. இருக்கற ராம்லயே கொஞ்சம் ஒதுக்கிக்கும்.”

“கதை விடாதே. ஆபீஸ்ல இதே மாடல்தான், ஏழே முக்காலுக்கு மேல காட்டுது. போன மாசம் இதைத் தொட்டது நீதானே? எதைக் கழட்டிப் பையில போட்டே?”

தொட்டது நான்தான். கேட்டது அக்கா. வீட்டு உள்ளலங்காரம் வரையும் மென்பொருள் ஒன்று, கிராபிக்ஸுக்கு இரண்டு ஜிபி இருந்தால்தான் திறப்பேன் என்று அவளிடம் அடம்பிடித்தது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய், ராமிலிருந்து ஒதுக்கிக் கொடுத்தேன். விடிந்தால் இதே கணினியில், அந்த மென்பொருளில்தான் அவளுக்கு வேலைக்கான தேர்வு. ‘தேறினப்புறம் அவர்கிட்ட சொல்லிக்கலாம்டா. தோத்துட்டா சொந்தக்காரங்க முன்னாடியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்’ என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

“எட்டையும் என் கண்ணு முன்னால காட்டு. இல்லைன்னா இந்த வாசப்படி மிதிக்காதே.”

காட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் அப்புறம் அந்த மென்பொருள் அவளுக்கு நாளை திறக்காது. கல்லூரியில் வாங்காத பட்டத்தை இங்கேயாவது வாங்குவோம் என்று எழுந்தேன்.

“நான்தான் எடுத்தேன் அத்தான்.”

“பாத்தியா! திருட்டுப் பயலே!”

சமையலறையிலிருந்து அக்கா ஈரக்கையோடு வந்தாள். “அவன் எடுக்கல. அந்த ரெண்டும் என்கிட்டதான் இருக்கு.”

“உனக்கெதுக்கு?”

“நாளைக்கு எனக்கு வேலைக்கு டெஸ்ட். பத்துலேர்ந்து ஒரு மணி வரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது. தோத்தா சிரிச்சுக்கோங்க. ஆனா என் தம்பியைத் திருடன்னு சொல்லாதீங்க.”

அத்தான் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவதற்குச் சுலபமானவன் நான்தான் என்று முடிவுக்கு வந்தார்.

“நீ இன்னும் ஏன்டா நிக்கறே? கிளம்பு!”

கிளம்பினேன். தெருமுனை திரும்புவதற்குள் அக்காவின் செய்தி வந்தது: ‘சாஃப்ட்வேர் திறந்துடுச்சுடா. பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, திட்டிக்கிட்டே பாக்கறார்.’